தடுத்த ரன்னுக்குக் கணக்கு எங்கே?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் செஞ்சி என்னும் ஊர் இருக்கிறது. ஊரை நெருங்கும்போதே பாறைகள் அடுக்கிவைத்தாற்போன்ற மலைகள் கண்ணில் படும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் வளைத்து நீண்ட மதில் ஓடுகிறது. இதுவே புகழ்பெற்ற செஞ்சிக் கோட்டை. 1677-ஆம் ஆண்டில் சிவாஜி இதைக் கைப்பற்றிப் பலப்படுத்தினார். 1690-இல் மொகலாயப் படை வந்து முற்றுகையிட்டது. கோட்டைக்குள் இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-இல்தான். அதற்குள் ராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது இது ஒன்றே.

இந்த மதிலின் மதிப்பு என்ன? ஒரு பீரங்கியின் மதிப்பைக் கணக்கிடுவது எளிது. அது எத்தனை முறை சுட்டது, எத்தனை குண்டுகள் இலக்கைத் தாக்கின என்று எண்ணிச் சொல்லிவிடலாம். மதிலோ எதையும் செய்வதாகத் தெரிவதில்லை. சும்மா நிற்கிறது. ஒரு பகைவன் உள்ளே வரவில்லை என்றால், அந்த ‘வராமை’தான் மதில் செய்த வேலை. நடந்ததை எண்ணலாம், நடக்காமல் தடுக்கப்பட்டதை எப்படி எண்ணுவது?

கிரிக்கெட் ஆடும் மாணவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகப் புரியும். கோடையில் நீர் வற்றிய ஏரியில் ஆடும் ஆட்டமாயினும் சரி, சேப்பாக்கம் மைதானத்தில் ஆடும் ஆட்டமாயினும் சரி, ரன் அடித்தவருக்கும் விக்கெட் எடுத்தவருக்கும் கணக்கு உண்டு. பவுண்டரிக்குப் போக இருந்த பந்தைப் பாய்ந்து தடுத்தவருக்கு ஒரு கைதட்டல் கிடைக்கும், அதோடு சரி. ஸ்கோர் புத்தகத்தில் அவருக்கு இடமில்லை.

ஆயினும் விளையாட்டு வீரர்களுக்கு விலை பேசுகிறார்கள், அணி விட்டு அணி மாற்றுகிறார்கள், பரிசு கொடுக்கிறார்கள். பீல்டிங்கின் மதிப்பை அளக்காமல் இதையெல்லாம் எப்படிச் செய்வது? அளக்கத்தான் முடியுமா? இதைப் பற்றிப் பார்ப்போம்.

ஸ்கோர் புத்தகம் சொல்லாதது

1971 ஆகஸ்டு மாதம். லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் ஆலன் நாட் முதல் இன்னிங்சில் 90 ரன் அடித்தவர். இரண்டாவது இன்னிங்சில் அவர் 1 ரன்னுக்கு ஆட்டமிழந்தார். பந்து வீசியவர் சென்னையைச் சேர்ந்த வெங்கடராகவன். பிடித்தவர் ஏக்நாத் சோல்கர். இங்கிலாந்து 101 ரன்னுக்குள் சுருண்டது. சந்திரசேகர் 38 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து மண்ணில் இந்தியா வென்ற முதல் டெஸ்ட் அதுவே.

ஸ்கோர் புத்தகத்தில் நாட் ஆட்டமிழந்தது, கேட்ச் சோல்கர், பந்துவீச்சு வெங்கடராகவன் என்று ஒரே வரியில் இருக்கும். கைக்கு நேராக வந்த சுலபமான பந்தைப் பிடித்திருந்தாலும் இதே வரிதான். மட்டைக்கு மிக அருகே, தலைக்கவசம் இல்லாமல் நின்று, முன்னால் பாய்ந்து, தரையைத் தொடப்போன பந்தைப் பிடித்தாலும் இதே வரிதான். சோல்கர் செய்தது இரண்டாவதை.

சோல்கர் 27 டெஸ்டுகளில் 53 கேட்ச் பிடித்தார். ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 2. இது மிக உயர்ந்த விகிதம். ஆனால் இந்த எண்ணும் முழு உண்மையைச் சொல்லவில்லை. அவரை நோக்கி எத்தனை பந்துகள் வந்தன? வேறொருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் அவற்றுள் எத்தனையைப் பிடித்திருப்பார்? இந்த இரண்டும் தெரியாமல் 53 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிட முடியாது.

பீல்டிங்கை நினைவில் வைத்து அதற்கென்றே பரிசு கொடுத்த நிகழ்ச்சிகளும் உண்டு. 1993 நவம்பர் 14 அன்று பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவு அணிக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவின் ஜான்டி ரோட்ஸ் 5 கேட்ச் பிடித்து ஆட்ட நாயகன் ஆனார். 2023 உலகக் கோப்பையின்போது இந்திய அணி ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் தனக்குள்ளேயே சிறந்த பீல்டருக்கு ஒரு பதக்கம் அணிவித்தது. சென்னையில் நடந்த முதல் ஆட்டத்தில் அதைப் பெற்றவர் விராட் கோலி. இவை கண்ணால் பார்த்து, மனத்தால் மதிப்பிட்டுக் கொடுத்தவை.

பதினான்கு கோடியில் பீல்டிங் எவ்வளவு?

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் கிரிக்கெட் பார்க்கும் வீடுகளில் ஒரே பேச்சு. சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. ஜடேஜாவுடன் இங்கிலாந்தின் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார். சாம்சனின் தொகை 18 கோடி ரூபாய். அதுவரை 18 கோடி ரூபாயாக இருந்த ஜடேஜாவின் தொகை 14 கோடியாகக் குறைந்தது. 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி 2 பந்துகளில் 10 ரன் அடித்துக் கோப்பையை வென்று கொடுத்தவரை எப்படி விடலாம் என்றனர் ஒரு சாரார். அணிக்கு இளமையும் மேல்வரிசை பேட்டிங்கும் தேவை என்றனர் மறு சாரார்.

இந்த விவாதத்தில் ரன்னும் வந்தது, விக்கெட்டும் வந்தது, வயதும் வந்தது. ஜடேஜாவின் பீல்டிங் பற்றிப் பேசும்போது மட்டும் எண்கள் நின்றுபோய், ‘மாதிரி வருமா?’ என்ற வியப்பே எஞ்சியது. அறிவித்த தொகை ஒரே எண். பேட்டிங்குக்கு இவ்வளவு, பந்துவீச்சுக்கு இவ்வளவு, பீல்டிங்குக்கு இவ்வளவு என்று அது பிரித்துச் சொல்வதில்லை.

2021 ஏப்ரல் 25 அன்று பெங்களூர் அணிக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். 28 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 62 ரன். 13 ரன் கொடுத்து 3 விக்கெட். நேராகக் குறிபார்த்து ஸ்டம்பில் எறிந்து டேனியல் கிறிஸ்டியனை ரன் அவுட் செய்தார். இவை எல்லாம் பதிவாகியிருக்கின்றன. அன்று அவர் பக்கம் பந்து சென்றபோது ஓடலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றுவிட்ட பேட்ஸ்மேன்கள் இழந்த ரன் எத்தனை? அதற்குப் பதிவு இல்லை.

கடல் கடந்த உறவினர்

இதே சிக்கலில் நூறாண்டுக்கும் மேலாக உழன்று, ஓரளவு விடையும் கண்ட விளையாட்டு ஒன்று உண்டு. அது அமெரிக்காவின் பேஸ்பால். இதில் அணிக்கு 9 பேர். ஒருவர் பந்தை எறிவார். எதிரணியினர் ஒருவர் உருண்டையான மட்டையால் அடித்துவிட்டு நான்கு முனைகளைச் சுற்றி ஓடுவார். தடுப்பவர்கள் கையில் பெரிய தோலுறை அணிந்திருப்பார்கள்.

பேஸ்பாலுக்குக் கணக்கு எழுதும் வழக்கத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். இவர் 1824-இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கிரிக்கெட் செய்தி எழுதிவந்த பத்திரிகையாளர். கிரிக்கெட்டின் ஸ்கோர் அட்டையைப் போலவே பேஸ்பாலுக்கும் ஓர் அட்டை அமைத்தார். ஆகவே இரு விளையாட்டுகளின் கணக்குப் புத்தகங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை எனலாம்.

பேஸ்பால் கணக்கில் கூடுதலாக ஒரு பத்தி உண்டு: ‘பிழை’. சாதாரண முயற்சியில் செய்திருக்க வேண்டியதை பீல்டர் தவறவிட்டால், ஆட்டக் கணக்கர் அவர் பெயரில் ஒரு பிழை எழுதுவார். சரியாகச் செய்தவற்றை, செய்தவையும் பிழைகளும் சேர்ந்த தொகையால் வகுத்தால் பீல்டிங் சதவீதம் கிடைக்கும். பல்லாண்டுகள் இதுவே பீல்டரின் அளவுகோலாக இருந்தது.

1957 முதல் சிறந்த பீல்டர்களுக்குத் ‘தங்கக் கையுறை’ என்னும் பரிசும் வழங்கப்படுகிறது. அணி மேலாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். தம் அணி வீரருக்கு வாக்களிக்கக் கூடாது. அனுபவம் மிக்கவர்கள் அளிக்கும் வாக்கு தவறாகுமா? 1999-ஆம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள். டெக்சாஸ் அணியின் ரபேல் பால்மீரோ அந்த ஆண்டு முதல் முனைத் தடுப்பாளராக 28 ஆட்டங்களில்தான் மைதானத்தில் நின்றார். மற்ற ஆட்டங்களில் பெரும்பாலும் மட்டை பிடிக்க மட்டுமே வந்தார். ஆயினும் அந்த இடத்துக்கான தங்கக் கையுறை அவருக்கே கிடைத்தது! முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அவர் அதைப் பெற்றிருந்தார். அந்த ஆண்டு பேட்டிங்கும் பிரமாதம். வாக்களித்தவர்கள் பெயரை நினைத்தார்களே தவிர ஆட்டத்தை எண்ணவில்லை.

இதில் ஏளனம் செய்ய ஒன்றுமில்லை. மனித நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. ஓர் அற்புதமான பாய்ச்சல் ஆண்டுக்கணக்கில் நினைவில் நிற்கும். சரியான இடத்தில் முன்கூட்டியே நின்று, பாயாமலே பிடித்த பத்துப் பந்துகள் மறுநாளே மறந்துபோகும்.

இரவுக் காவலரின் கேள்வி

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உணவு டப்பாக்கள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பில் ஜேம்ஸ் என்பவர் இரவுக் காவலராக இருந்தார். ஓய்வு நேரத்தில் பேஸ்பால் கணக்குகளை அலசுவது அவருக்குப் பழக்கம். 1977-இல் தம் ஆய்வுகளைத் தாமே ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். பிழைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு பீல்டர் ஓர் ஆட்டத்தில் வெற்றிகரமாக முடித்தவை எத்தனை என்று எண்ண வேண்டும் என்பது அவர் முன்வைத்த யோசனைகளுள் ஒன்று.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பள்ளி அணியில் செல்வி, மலர் என்று இருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பருவத்தில் இருவர் பக்கமும் தலா 20 பந்துகள் உயரமாக வந்தன.

செல்வி 10 பந்துகளைத்தான் எட்டினாள். அவற்றில் 9-ஐப் பிடித்தாள், 1-ஐத் தவறவிட்டாள். சதவீதம் 90.

மலர் 16 பந்துகளை எட்டினாள். அவற்றில் 12-ஐப் பிடித்தாள், 4-ஐத் தவறவிட்டாள். சதவீதம் 75.

‘செல்வி கையில் பந்து நழுவாது, மலர் அடிக்கடி விட்டுவிடுவாள்’ என்று அணியினர் பேசிக்கொள்வார்கள். ஆனால் மலரால் அணிக்குக் கிடைத்தவை 12 விக்கெட். செல்வியால் கிடைத்தவை 9. மலர் தவறவிட்ட பந்துகளில் சிலவற்றைச் செல்வி தொட்டிருக்கவே மாட்டாள். தொடாத பந்துக்குப் பிழை எழுதுவதில்லை அல்லவா? எட்ட முயன்றதற்காகவே மலர் தண்டிக்கப்படுகிறாள்.

எட்டும் பரப்பு எவ்வளவு முக்கியம் என்பதைப் பள்ளிக் கணிதத்தைக் கொண்டே காணலாம். பந்து 4 விநாடி காற்றில் இருக்கிறது. இருவரும் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார்கள் என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். மட்டையில் பந்து பட்டு 0.5 விநாடி கழித்து ஒருத்தி ஓடத் தொடங்குகிறாள், மற்றவள் 0.2 விநாடியிலேயே தொடங்கிவிடுகிறாள். முதலாமவள் 3.5 விநாடியில் 21 மீட்டர் எட்டுவாள். இரண்டாமவள் 3.8 விநாடியில் 22.8 மீட்டர் எட்டுவாள். வித்தியாசம் 1.8 மீட்டர்தான். ஆனால் பீல்டர் எத்திசையிலும் ஓடலாம். ஆகவே பார்க்க வேண்டியது வட்டத்தின் பரப்பை. முதல் வட்டம் சுமார் 1385 சதுர மீட்டர். இரண்டாவது சுமார் 1633 சதுர மீட்டர். வித்தியாசம் 248 சதுர மீட்டர்! ஒரு வாலிபால் ஆடுகளத்தின் பரப்பு 162 சதுர மீட்டர். இமைப்பொழுதே ஆன 0.3 விநாடி, ஒன்றரை வாலிபால் ஆடுகளம் அளவு நிலத்தைக் கூடுதலாகக் காவல் காக்கிறது. ஓட்ட வேகம் ஒன்றேயானாலும் ஒருத்தி மற்றவளைவிடச் சிறந்த பீல்டர் ஆவது இப்படித்தான்.

தொடக்கத்தில் பில் ஜேம்சின் கணக்குகளைப் பார்த்து அணி நிர்வாகிகள் சிரித்தார்கள். 2003-இல் பாஸ்டன் அணி அவரை ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. 2013 முதல் தங்கக் கையுறைப் பரிசுக்கும் வாக்குகளுடன் புள்ளியியல் கணக்கு ஒன்று சேர்க்கப்பட்டது.

காமிராவும் நிகழ்தகவும்

எத்தனை பிடித்தார் என்று எண்ணுவதிலும் ஒரு குறை உண்டு. ஒருவர் பக்கம் எளிய பந்துகளாகவே வந்திருக்கலாம். மற்றவருக்கு எல்லாம் கடினமாக அமைந்திருக்கலாம். இந்தக் குறையை நீக்க ரேடாரும் காமிராவும் கணிப்பொறியும் வந்தன. 2015 முதல் அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் மைதானங்கள் எல்லாவற்றிலும் இவை பொருத்தப்பட்டன. பந்து எத்தனை விநாடி காற்றில் இருந்தது, பீல்டர் எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருந்தது என்பவற்றை இவை அளந்துவிடுகின்றன.

இதிலிருந்து ஓர் அழகான கணக்குப் பிறக்கிறது. ஒரு குறிப்பிட்ட தூரம், ஒரு குறிப்பிட்ட நேரம் கொண்ட 100 பந்துகளில் எல்லாப் பீல்டர்களும் சேர்ந்து 25-ஐப் பிடித்திருந்தால், அத்தகைய பந்தைப் பிடிப்பதன் நிகழ்தகவு 0.25. ஒருவர் அதைப் பிடித்தால் அவருக்கு 1-இலிருந்து 0.25-ஐக் கழித்து 0.75 புள்ளி. பிடிக்காவிட்டால் 0.25 குறையும். எளிய பந்தைப் பிடித்தால் சிறு வரவு. விட்டால் பெரும் இழப்பு. கடினமான பந்தில் இது தலைகீழ்.

ஐந்து பந்துகளுக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு வந்த பந்துகளின் நிகழ்தகவு 0.9, 0.9, 0.5, 0.25, 0.1. கூட்டினால் 2.65. அதாவது சராசரி பீல்டர் இதில் 2.65 பிடிப்பார். இவர் 3 பிடித்தார். ஆகவே இவருக்கு 0.35 வரவு. இன்னொருவருக்கு வந்தவை 0.95, 0.95, 0.9, 0.9, 0.8. கூட்டுத்தொகை 4.5. இவர் 4 பிடித்தார். ஆகவே 0.5 இழப்பு. நான்கு பிடித்தவரைவிட மூன்று பிடித்தவர் மேல்!

நடக்காததை எண்ணும் வழி இப்போது புலப்படுகிறதா? ‘இவர் இடத்தில் சராசரி வீரர் ஒருவர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?’ என்பதை முதலில் கணக்கிடுகிறோம். உண்மையில் நடந்ததற்கும் அதற்கும் உள்ள வித்தியாசமே அவர் மதிப்பு. புதிய மருந்து ஒன்றைச் சோதிக்கும் மருத்துவர்கள், மருந்து உண்டவர்களையும் உண்ணாதவர்களையும் ஒப்பிடுவது இதே முறையில்தான்.

மதிலின் பாடம்

இந்தக் கணக்கும் பிடிக்காமல் நழுவவிடும் ஒன்று உண்டு. செஞ்சியின் மதிலுக்குத் திரும்புவோம். மதிலின் ஒரு பகுதியில் பகைவர் ஏறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அந்தப் பகுதி அத்தனை உறுதியாக இருந்ததால் எவரும் அருகில் வரத் துணியவில்லை. அல்லது, அந்தப் பக்கம் வர எவருக்கும் தேவையே ஏற்படவில்லை. ‘ஏறியவர் எண்ணிக்கை 0’ என்ற பதிவு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

வலிமையான கை கொண்ட பீல்டருக்கும் இதுவே நேர்கிறது. புதிதாக வந்தபோது அவர் பலரை ரன் அவுட் செய்வார். பெயர் பரவியதும் அவர் கைக்குப் போன பந்தில் யாரும் இரண்டாவது ரன் ஓட மாட்டார்கள். ரன் அவுட் எண்ணிக்கை குறைந்துவிடும். எண்ணை மட்டும் பார்ப்பவர், ‘முன்போல் இல்லை’ என்பார். உண்மையில் அவர் முன்னிலும் அதிக ரன்னைத் தடுத்துக்கொண்டிருப்பார். ஆகவே ரன் அவுட்டை மட்டும் எண்ணாமல், அவர் பக்கம் போன பந்துகளில் பேட்ஸ்மேன்கள் எத்தனை முறை ஒரே ரன்னோடு நின்றார்கள் என்பதையும், மற்றவர் பக்கம் போனபோது என்ன செய்தார்கள் என்பதையும் ஒப்பிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. சில பந்துகளை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. பாதி வாய்ப்புள்ள 4 பந்துகள் ஒரு சராசரி பீல்டருக்கு வருகின்றன. நான்கையும் அவர் பிடிப்பதற்கான நிகழ்தகவு ½ × ½ × ½ × ½ = 1/16. இத்தகைய சராசரி வீரர்கள் 32 பேர் இருந்தால், அதிர்ஷ்டத்தாலேயே ஏறக்குறைய 2 பேர் நான்கையும் பிடித்து ‘மாவீரர்’ பட்டம் பெறுவார்கள். வேறு 2 பேர் நான்கையும் விட்டு ‘ஓட்டைக் கை’ என்று பெயர் வாங்குவார்கள். நால்வருக்கும் திறமை ஒன்றுதான்! பந்துகளின் எண்ணிக்கை கூடக் கூட அதிர்ஷ்டத்தின் பங்கு குறைந்து திறமை வெளிப்படும்.

கிரிக்கெட்டில் இது பேஸ்பாலைவிடக் கடினம். பேஸ்பாலில் பீல்டர்கள் ஏறத்தாழ நிலையான இடங்களில் நிற்பார்கள். கிரிக்கெட்டிலோ ஒரே வீரர் ஓர் ஓவரில் ஸ்லிப்பிலும் அடுத்த ஓவரில் எல்லைக் கோட்டிலும் நிற்பார். ஆடுகளம் மாறும், பந்து பழையதாகும், கேப்டன் எங்கே நிறுத்துகிறார் என்பதும் சேர்ந்துகொள்ளும். பந்துக்குப் பந்து பீல்டிங்கைக் குறிப்பெடுக்கும் ஆய்வாளர்கள் இப்போது கிரிக்கெட்டிலும் இருக்கிறார்கள். எனினும் அந்த எண்கள் நாம் பார்க்கும் ஸ்கோர் அட்டையில் இன்னும் ஏறவில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்குக் கணிப்பொறியும் ரேடாரும் வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும். உங்கள் பள்ளி மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது, வழக்கமான ஸ்கோர் எழுதுபவரைத் தவிர இன்னும் இருவர் உட்கார வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் கீழ்க்கண்டவற்றைக் குறியுங்கள்.

1. பந்து எந்தப் பீல்டரின் பக்கம் சென்றது?

2. அதைப் பிடிப்பது அல்லது தடுப்பது எளிதா, நடுத்தரமா, கடினமா?

3. பீல்டர் எட்டினாரா? பிடித்தாரா அல்லது தடுத்தாரா?

4. பேட்ஸ்மேன்கள் எத்தனை ரன் ஓடினார்கள்?

எழுதும் இருவரும் ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. ஆட்டம் முடிந்தபின் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் ‘எளிது’ என்றதை மற்றவர் ‘கடினம்’ என்று எழுதியிருப்பார். எத்தனை முறை இப்படி மாறுபட்டீர்கள் என்பதே உங்கள் அளவுகோல் எவ்வளவு நம்பத்தக்கது என்பதைக் காட்டும். இன்னொன்று: பீல்டர் பிடித்துவிட்டதைப் பார்த்த பிறகு ‘எளிதுதான்’ என்று எழுதத் தோன்றும். பந்து கைக்குப் போகுமுன்பே குறித்துவிடப் பழகுங்கள்.

ஐந்தாறு ஆட்டங்கள் முடிந்ததும் எல்லாருடைய கணக்கையும் கூட்டுங்கள். ‘நடுத்தரம்’ என்று குறித்த 40 பந்துகளில் 22 பிடிபட்டிருந்தால், உங்கள் மைதானத்தில் நடுத்தரப் பந்தின் நிகழ்தகவு 22/40, அதாவது 0.55. இவ்வாறே மற்ற இரண்டுக்கும் கண்டுபிடித்து, ஒவ்வொருவருக்கும் வரவும் இழப்பும் போடுங்கள். தடுத்த பந்துகளுக்கும் இதே முறை பொருந்தும்: அத்தகைய பந்தில் சராசரியாக 2.5 ரன் போயிருக்க, இவர் பக்கம் 1 ரன்தான் போனது என்றால் 1.5 ரன் மிச்சம்.

பள்ளி அணிக்கு ஆள் எடுக்கும்போது அதிக ரன் அடித்தவர் பெயர் முதலில் வருகிறது. அடுத்து விக்கெட் எடுத்தவர். பதினோராவது இடத்துக்குப் போட்டி வரும்போது, 15 ரன் சராசரி உள்ளவரா, 10 ரன் சராசரி உள்ளவரா என்று பார்த்து முதலாமவரை எடுத்துவிடுகிறோம். இரண்டாமவர் ஆட்டத்துக்கு 8 ரன் தடுத்துக்கொடுப்பவராக இருக்கலாம்! 10-உடன் 8-ஐக் கூட்டினால் 18. யாரும் எழுதிவைக்காததால் அந்த 8 ரன் இல்லாமலே போய்விடுகிறது. அவரும் வேலிக்கு வெளியே நின்று ஆட்டத்தைப் பார்க்கிறார்.

உங்கள் அட்டவணை முடிந்ததும் அதைக் கணித ஆசிரியரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு விளையாட்டு ஆசிரியரிடம் எடுத்துச் செல்லுங்கள், அடுத்த அணித் தேர்வு நடப்பதற்கு முன்பே.